வலியறியாக் கண்கள்

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டி நாகமலை புதுக்கோட்டையில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரில் நின்று பேசுவோர் மலையைச் சொல்லாமல் தொடங்க இயலாது. நாகமலைக்குப் புராணம் கூறும் கதை நமக்கு உவப்பானதன்று, அதை விட்டுவிடுவோம். இன்று காலை நம் பிள்ளைகளைக் கீழக்குயில்குடிச் சமணமலைக்கு அழைத்துச் சென்று, செட்டிப்புடவில் உள்ள பெருமானையும் பேச்சிப்பள்ளத்துத் திருவுருவங்களையும் வணங்கி வந்தோம். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பெரும் பொருளில் ஒரு மூலையை மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன். தொழுநோய் கண்டவருடைய கருவிழி என்பதே அது.

விழா நாளில் இப்படியொரு பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும், அந்த முகச்சுளிப்பைப் பற்றியும் பின்னர்ப் பேச வேண்டியுள்ளது.

மண்டபத்தின் வாயிலில் கண்தான உறுதிமொழிக்கென ஒரு மேசை போடப்பட்டிருப்பதைக் கண்டேன். இறந்தபின் 6 மணி நேரத்திற்குள் எடுக்கப்படும் கருவிழி இன்னொருவருக்குப் பார்வையாகிறது. உயிரினங்களுக்குத் தீங்கு நினையாத நம் மக்கள் இத்தானத்தில் முன்நிற்பது இயல்பே. ஆயினும் தானமாகக் கிடைத்த கருவிழியைக் கொண்டும் காப்பாற்ற முடியாத கண்கள் சில உண்டு. அதை நான் நூலில் படித்து அறிந்ததைவிட ஓர் உழவரிடமிருந்து அறிந்ததே மிகுதி.

மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர் அவர். வயது 50-ஐக் கடந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பே தொழுநோய்க்குரிய மருந்தை முழுவதும் உண்டு முடித்தவர். உடலில் கிருமி இல்லை. விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன. நெல் தூற்றும் பருவத்தில் வலக்கண்ணில் உமி விழுந்திருக்கிறது. விழுந்தது எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கண் சிவந்திருப்பதைச் சந்தையில் எவரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வலி இல்லாததால் அவர் பொருட்படுத்தவில்லை. கருவிழியில் வெண்மை படர்ந்து, பார்வை மங்கிய பிறகே என்னிடம் வந்தார். புண்ணில் பூஞ்சை ஆழமாக இறங்கியிருந்தது. நெடுநாள் மருத்துவம் செய்தும் வெளிச்சம் தெரியும் அளவே எஞ்சியது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். “வலிச்சிருந்தா வந்திருக்க மாட்டேனாங்கய்யா?” என்றார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தானமாகக் கிடைக்கும் கண்ணை வைக்கலாமா என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் இல்லையென்றே சொல்ல வேண்டியிருந்தது. இமை மூடாத, உணர்ச்சியற்ற கண்ணில் பொருத்தப்படும் கருவிழி பெரும்பாலும் நிலைப்பதில்லை. முதல் கருவிழியை அழித்த காரணங்களே இரண்டாவதையும் அழித்துவிடும்.

அக்காரணங்கள் யாவை என்பதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். கருவிழி என்று நாம் இங்குக் குறிப்பது கண்ணின் முன்புறத்துள்ள, கடிகாரக் கண்ணாடி போன்ற தெளிந்த படலத்தை. அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஒளி தடையின்றிப் புக வேண்டுமாதலால் அதில் இரத்தக் குழாய் இல்லை. ஆனால் உணர்வு நரம்புகளோ உடலின் வேறெந்தப் பரப்பிலும் காண்பதற்கரிய நெருக்கத்தில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தூசு விழுந்ததும் நாம் துடிப்பது இதனாலேயே. துடித்ததும் இமை மூடுகிறது, கண்ணீர் பெருகுகிறது, தூசு வெளியேறுகிறது. எதுவும் விழாதபோதும் நிமிடத்திற்குப் பதினைந்து முறையளவில் இமைத்துக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் கண்ணீரை அப்படலத்தின்மேல் புதிதாகப் பூசுகிறது.

1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலில் குளிர்ச்சி மிகுந்த இடங்களை நாடும் இயல்புடையது. நரம்பைத் தன் இருப்பிடமாகக் கொள்வது. முகத்தில் கன்ன எலும்பின்மேல் தோலுக்கு அணித்தாகவே ஓடுகிறது ஏழாம் நரம்பின் கிளை. இமைகளை மூடும் தசைக்கு ஆணையிடுவது அதுவே. அது நலிந்தால் இமை முழுவதும் மூடாது. உறக்கத்திலும் ஒரு கீற்றுத் திறந்தே கிடக்கும். முயல் கண்ணைத் திறந்தபடியே உறங்கும் என்று பழங்காலக் கிரேக்கர் நம்பியதால் இந்நிலைக்கு ‘முயற்கண்’ என்று பொருள்படும் பெயரையே மருத்துவ நூல்கள் இன்றும் வழங்குகின்றன. கருவிழிக்கு உணர்வு தருவது ஐந்தாம் நரம்பு. அதுவும் நலிந்தால் தூசு விழுந்ததும் தெரியாது, உலர்ந்ததும் தெரியாது. ஏழாம் நரம்பு கதவு. ஐந்தாம் நரம்பு காவலன். கதவு மட்டும் பழுதானால் காவலன் குரல் கொடுப்பான். காவலன் மட்டும் உறங்கினால் கதவு தன்னியல்பாக ஓரளவேனும் மூடிக் காக்கும். இரண்டும் போன கண்ணே பெரும் இடருக்குள்ளாவது.

இவற்றோடு இமைமயிர் உள்நோக்கி வளைந்து கருவிழியை உராய்வதும், கண்ணின் உட்பகுதியில் அழற்சி உண்டாவதும், புரை விழுவதும் உண்டு. தொழுநோய் கண்டவரிடையேயும் பார்வையிழப்புக்குப் பெருங்காரணம் கண்புரையே. அதை அறுவை செய்து நீக்கிவிடலாம், ஆகவே இன்று அதை விரிக்கவில்லை.

நம் மதுரை மண்ணுக்கு வருவோம். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் 1 லட்சம் மக்களில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாக 1996-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் கண்ட அளவைப்போல் இது 10 மடங்கு. 1994-இல் மூன்று மாதங்களில் அம்மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் கண்ணில் முன்னர் அடிபட்டிருந்தது தெரியவந்தது. நெல்லின் தோகை, கரும்பின் இலை, காற்றில் பறக்கும் உமி என்று நம் வயல்கள் தருபவையே பெரும்பாலும் அக்காயங்கள். நல்ல கண்ணுடைய உழவர்களுக்கே இந்நிலை.

இனி நான் சொல்லப்போவது இவ்வுரையின் உயிரான செய்தி. நேபாளத்தில் பக்தபூர் என்னுமிடத்தில் ஊர்த் தொண்டர்களைக் கொண்டு ஒரு பணி நடந்தது. கருவிழியில் கீறல் பட்டவர்களைக் கண்டறிந்து, 3 நாள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டார்கள். 442 பேருக்கு இவ்வாறு செய்ததில் 100-க்கு 96 பேருக்குப் புண் வைக்காமலே ஆறிவிட்டது. காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் களிம்பு இட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. எளிய களிம்பு, எழுத்தறிவுடைய ஒரு தொண்டர், 18 மணி நேரம்: இவையே போதுமானவையாக இருந்தன. ஆனால் அந்த 18 மணி நேரத்தை எண்ணத் தொடங்குவது எது? வலி. வலி எடுத்தால்தான் ஒருவர் களிம்பைத் தேடிப் போவார். என் உழவருக்கு அக்கடிகாரமே ஓடவில்லை.

ஆகவே வலிக்கு மாற்றாக வேறொன்று வேண்டும். இதை நம் தமிழ்நாட்டிலேயே முதலில் உணர்ந்து செயற்பட்டவருள் ஒருவர் டாக்டர் மார்கரெட் பிராண்ட் அம்மையார். கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டின் துணைவியார். 1947-இல் வேலூருக்கு வந்தவர். கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி இல்லாதவராகவே அத்துறையில் இடப்பட்டு, செய்து செய்தே கற்றவர். கணவர் மடங்கிய விரல்களை நிமிர்த்திக் கொண்டிருந்தபோது, அதே நோயாளரின் கண்கள் ஒவ்வொன்றாக அணைந்து வருவதை இவர் கண்டார். அவர்கள் இமைப்பதில்லை என்பதே இவர் கண்ட முதன்மையான செய்தி. வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் 1955-இல் அமைந்த தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும், பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையிலும் இதையே தம் வாழ்நாட் பணியாக்கிக் கொண்டார்.

இமையை மூட வைக்கும் அறுவை முறைகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, இமைகளின் வெளியோரத்தைச் சிறிது சேர்த்துத் தைத்துத் திறப்பைக் குறுக்குவது. மற்றொன்று வியப்பானது. மெல்லுவதற்குப் பயன்படும் நெற்றிப்பொட்டுத் தசையிலிருந்து ஓர் இழையைப் பிரித்து இமைகளுக்குள் செலுத்திவிடுகிறார்கள். அதன்பின் அவர் பல்லைக் கடித்தால் கண் மூடும். உணவு உண்ணும்போதெல்லாம் இமைப்பார். மற்ற நேரங்களில் நினைத்து நினைத்துக் கடிக்கப் பழக வேண்டும். அறுவையோடு வேலை முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

மருந்தோடும் முடிவதில்லை. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகியவற்றை ஒருங்கே தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அது இந்நோயின் வரலாற்றையே மாற்றிற்று. மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. 2005 இறுதியில் 10,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்கும் கீழே நோய் குறைந்ததாக நம் நாடு அறிவித்தது. அவ்வறிவிப்பைக் கேட்ட பலரும் நோயே ஒழிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டனர். 2023-இலும் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 1 லட்சத்திற்கும் அதிகமானோர், இந்தியர்களே. மருந்து முடித்து, ‘குணமானவர்’ என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து கரிகிரி மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2006-இல் வெளியாயிற்று. கிருமி மிகுந்த வகை நோய் கண்டிருந்த 100 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பேருக்கு, மருந்து முடிந்த பின்னரும், தொழுநோய் சார்ந்த கண் கோளாறு புதிதாகத் தோன்றியது. கிருமி செத்துவிடுகிறது, நரம்பு திரும்புவதில்லை. என் உழவரும் ஏட்டின்படி குணமானவரே.

வலிக்கு மாற்று என்று சொன்னேனே, அது இன்னொருவருடைய பார்வைதான். கூட்டிப் பெருக்கிப் பார்த்தாலும் இதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தம் கண்ணின் சிவப்பைத் தாமே காண்பது கண்ணாடியின்றி இயலாது. மடங்கிய விரல்களால் சொட்டு மருந்து விட முடியாது. உணர்வற்ற, காய்த்த கையால் கண்ணைத் தேய்த்தால் அதுவே காயம். ஒருவர் முகத்தை ஒருவர் நாள்தோறும் பார்க்க வேண்டும். இங்கேதான் இந்நோய் பிற நோய்களினும் கொடியதாகிறது: எந்த முகத்தை நாள்தோறும் பார்க்க வேண்டுமோ, அந்த முகத்தைத்தான் ஊர் பார்க்க மறுக்கிறது.

ஊர் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் பூர்விக வீட்டின் பின்கட்டு அறையில் என் தந்தையாரின் அத்தை வாழ்ந்தார். அத்தைப்பாட்டி என்போம். பொழுது சாய்வதற்கு முன் அவருக்குரிய உணவு ஒருநாளும் தவறியதில்லை. என் பாட்டி தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். வைத்தியர் கொடுத்த மருந்தும் அவ்வாறே படிவரை சென்றது. அத்தைப்பாட்டி எப்போதும் முந்தானையால் முகத்தை மறைத்திருப்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் மறைந்தார். அன்றுதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு கண் சோழியைப்போல் வெளுத்திருந்தது. அக்கண் எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில் போயிற்று என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்ன தானமும் ஔடத தானமும் குறைவின்றி நடந்த வீடு அது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நம் பிள்ளைகள் பாடசாலையில் ஒப்பிக்கிறார்கள். அவற்றில் மூன்றாவது உவர்ப்பின்மை; நிர்விசிகித்சை என்று வடமொழியில் வழங்குவது. அதற்கு எடுத்துக்காட்டாகிய உத்தாயன மன்னன் வரலாற்றையும் அறிவார்கள். தொழுநோயால் உடல் அழுகிய முனிவராக உருக்கொண்டு வந்த தேவன், உண்ட உணவைக் கக்கியபோதும் மன்னன் விலகாமல் தன் கையாலேயே தூய்மை செய்தான் என்பது கதை. கதையில் வந்தவன் தேவன். ஆகவே முடிவில் நோய் மறைந்துவிடுகிறது. நம் பின்கட்டு அறையில் இருந்தவர் மனிதர், அது மறையவில்லை.

அச்சத்திற்குக் காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மை பெரிதும் அற்றுவிடுகிறது. சட்டமும் தாமதமாகவேனும் திருந்தியுள்ளது. தொழுநோயரை அடைத்து வைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. நமக்கும் பொருந்துவதாகிய 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் 2019 வரை இருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தால் அகற்றப்பட்டது. சம்பந்தம் பேசும்போது ‘அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்ததாமே’ என்று குரலைத் தாழ்த்துவோர் இதை நினைவிற் கொள்வாராக.

இனிச் செய்யத்தக்கவை. நம் வீடுகளில் பொழுது சாயுமுன் உணவை முடிக்கிறோம். உண்பதற்கு முன், இன்னும் வெளிச்சம் இருக்கையில், நோய் கண்டவரைத் திண்ணையில் அமர்த்தி, உறங்குவதுபோல் மெல்லக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இமைகளுக்கிடையே வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு இறுக மூடச் சொல்லிப் பாருங்கள். திறக்கச் சொல்லிச் சிவப்பு, வெண்புள்ளி, உள்வளைந்த மயிர் உண்டா என நோக்குங்கள். பேசிக்கொண்டிருக்கையில் அவர் இமைக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். இரண்டு நிமிடங்களுக்குமேல் ஆகாது.

புதிதாக இடைவெளி தெரிந்தால், அல்லது கண்ணைச் சுற்றியோ கன்னத்திலோ உள்ள தேமல் சிவந்து தடித்தால், நாள் கடத்தாதீர்கள். 6 மாதங்களுக்கு உட்பட்ட நரம்புத் தளர்ச்சியை மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரை பலருக்குச் சீராக்குகிறது. அதைக் கடந்தால் அறுவையே வழி. வலியில்லாத சிவந்த கண்ணை அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்பது ஆறுதல் அன்று. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டா. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டா. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைப் புண் பற்றி எரியும்.

பகலில் கண்ணாடி அணிவது, வயலில் அகன்ற தொப்பி, இரவில் கண்மேல் தூய மெல்லிய துணி, மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதவாறு படுக்கை: இவை எளியவை. நினைத்து இமைப்பதற்கு ஓர் உத்தியும் உண்டு. அடிக்கடி கண்ணிற் படும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதைக் காணும்தோறும் இறுக இமைக்கப் பழகுதல். இவ்வூரில் இருப்பவருக்கு நான் மலையைச் சொல்வேன். எத்திசை திரும்பினாலும் அது தெரியும்.

அறங்காவலர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், இசைந்தார்கள். கண்தான மேசைக்கு அருகே இன்று இன்னொரு ஏடும் வைக்கப்பட்டுள்ளது. மருந்து முடித்து, குடும்பத்தால் விடப்பட்டுத் தனியே வாழும் முதியோர் இம்மாவட்டத்தில் உள்ளனர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களிடம் சென்று, கண்களைப் பார்த்து, குறிப்பெழுதி, தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அழைத்து வரத் தொண்டர்கள் வேண்டும். பார்ப்பதற்குரிய பயிற்சியை நானே அரை நாளில் தந்துவிடுவேன். ஏட்டில் என் பெயரை எழுதியிருக்கிறேன். முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு இம்மண்டப வாயிலிலிருந்து புறப்படுகிறோம்.